அடைக்கலத்துக்கு அப்பால் ஒரு வாடகை வீடு: ‘தி பேனியன்’ சேவை குறித்து

மனநோயுடன் தெருவில் அலையும் பெண்களுக்காக வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் 1993இல் சென்னையில் தொடங்கிய ‘தி பேனியன்’ அமைப்பின் பணிகளில், முகப்பேரில் உள்ள ‘அடைக்கலம்’ பலரும் அறிந்தது. சிகிச்சை அளித்து, நினைவு தெளிந்தபின் ஊரையும் உறவையும் தேடிக் கண்டுபிடித்து அனுப்பிவைப்பது அதன் அடிப்படை. ஆனால் என் மதிப்பீட்டில், திரும்பிச் செல்ல வீடில்லாதவர்களுக்கான ‘ஹோம் அகெய்ன்’ திட்டமே இவர்களுடைய ஆகச் சிறந்த சேவை. நான்கைந்து பேர் ஒரு குடும்பம்போலச் சேர்ந்து, சாதாரணத் தெருவில் உள்ள வாடகை வீட்டில், உதவியாளர் ஒருவரின் துணையோடு வாழ்கிறார்கள். இன்று புளிக்குழம்பா, ரசமா என்பதை விடுதி அட்டவணை தீர்மானிக்காமல், அடுப்படியில் நிற்பவரே தீர்மானிக்கிறார். இது சிறிய விஷயமன்று.

குறை இல்லாமல் இல்லை. நோயின் பெயரைக் கேட்டதுமே வீடு தரத் தயங்கும் உரிமையாளர்கள் இருக்கும்வரை, இத்தகைய திட்டம் விரும்பும் வேகத்தில் விரிவடைய முடியாது. அமைப்பின் கதவு வரை ஒருவரைக் கொண்டுசேர்ப்பதும் எளிதன்று. ஆதரவின்றித் திரியும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் காவல்துறைக்கு அளித்திருந்தும், எங்கள் தெருமுனையில் நனைந்தபடி கிடந்த ஒரு பெண்மணிக்காக நான் சென்ற காவல் நிலையத்தில், “நீங்களே ஏதாவது இல்லத்துக்கு போன் பண்ணுங்க சார்” என்றுதான் சொன்னார்கள்.