டப்பா உணவா, வீட்டுச் சமையலா? ஷன்ட் அறுவைக்குப் பிறகு எங்கள் குட்டி நாய்க்கு ஒத்துவந்தது

எங்கள் நாயின் எடை மூன்றே கிலோ. குடலிலிருந்து கல்லீரலுக்குப் போக வேண்டிய இரத்தத்தைக் குறுக்கு வழியில் கடத்திக்கொண்டிருந்த குழாய்க்கு வளையம் போட்டு அனுப்பினார்கள். அந்தக் குழாயைத்தான் ஷன்ட் என்கிறார்கள். சாப்பாட்டுக்கு மருத்துவர் சொன்ன வழி இரண்டு: கல்லீரல் நோய்க்கென்றே தயாரிக்கும் டப்பா உணவு, இல்லையென்றால் ஊட்டச்சத்து நிபுணர் எழுதித்தரும் அளவுப்படி வீட்டுச் சமையல். இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன். நான் இப்போது டப்பா கட்சி.

எதைக் கொடுத்தாலும் சில விஷயங்கள் பொது. சர்க்கரை இறங்கிவிடாமல் இருக்க ஒரு நாளைக்கு நான்கைந்து சின்ன வேளைகள். தாமிரம் அதிகம் என்பதால் ஈரல் கூடாது. வெங்காயம், திராட்சை எந்த நாய்க்குமே ஆகாது.

வீட்டுச் சமையலுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: நாய் சாப்பிடும். முதல் நாட்களில் டப்பாவை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டவள், வெதுவெதுப்பான முட்டைச் சோற்றை நக்கித் தீர்த்தாள். மாட்டிறைச்சி போன்றவற்றைவிட முட்டைப் புரதம் இந்த நோய்க்கு ஒத்துப்போகும் என்பதால் மருத்துவரும் தடுக்கவில்லை.

சிக்கல் கணக்கில் வந்தது. மூன்று கிலோ நாய்க்கு ஓய்வில் தேவைப்படுவது ஒரு நாளைக்குச் சுமார் 160 கலோரி. ஒரு முட்டையே 70 கிட்ட வந்துவிடும். பெரிய நாய்க்கு ஒரு கரண்டி கூடினால் கணக்கில் வராது; இவளுக்கு அது பாதி வேளை. கால்சியம், துத்தநாகம், வைட்டமின்களையும் தனியாக அளந்து சேர்க்க வேண்டும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 200 வீட்டுச் செய்முறைகளை அலசி 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு சத்தாவது குறைவு. அவை நல்ல ஆரோக்கியமான நாய்களுக்கான செய்முறைகள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆனால் நான் கட்சி மாறியது சத்துக் கணக்கால் அல்ல. வளையம் குழாயை ஒரே நாளில் அடைப்பதில்லை. அடைத்தால் குடல் பக்கத்து இரத்த அழுத்தம் எகிறிவிடும் என்பதால், வாரக்கணக்கில் மெல்ல மெல்ல அடைக்கும்படிதான் செய்திருக்கிறார்கள். அதுவரை புரதம் கூடினால், அது செரிக்கும்போது உண்டாகும் அம்மோனியா கல்லீரலில் சுத்தமாகாமல் மூளையைத் தொடலாம். ஒரு மாலை இவள் சுவரைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். அது சமையல் வாரம். முட்டை பெரிதா? வீட்டில் யாராவது இறைச்சித் துண்டு கலந்தார்களா? அம்மோனியாவைக் குறைக்கும் லாக்டுலோஸ் சிரப் ஒரு வேளை தவறியதா? மருத்துவர் கேட்ட எதற்கும் என்னிடம் நேரான பதில் இல்லை. டப்பாவுக்கு மாறிய பிறகும் ஒருமுறை அப்படி நின்றாள். அன்று சாப்பாட்டின் மேல் சந்தேகமே வரவில்லை. நேராக மருந்துக் குறிப்பேட்டைப் பார்த்தேன். காலை சிரப் விட்டுப்போயிருந்தது. யார் ஊட்டினாலும், எந்த நாளானாலும் தட்டில் இருப்பது ஒன்றே என்பதால், மாறியது எது என்று உடனே தெரிந்துவிடுகிறது. எனக்கு இது போதும்.

டப்பாவில் தொல்லை இல்லாமல் இல்லை. திறந்தால் இவளால் ஒரே நாளில் தீர்க்க முடியாது. ஃபிரிட்ஜில் மூடி வைத்து, வெந்நீரில் கிண்ணத்தை வைத்துச் சூடுகாட்டினால்தான் வாசனை எழும், வாயும் திறக்கும். அதே வகையில் உலர் உணவும் உண்டு. அதை நான் நான்கு நாள்தான் கொடுத்தேன், அதனால் நல்லது கெட்டது சொல்ல மாட்டேன்.

ஒரு எச்சரிக்கை. கட்டிக்காகக் கல்லீரலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்த நாய்க்கு என் கதை பொருந்தாது. மீண்டும் வளரும் கல்லீரலுக்குப் புரதம் வேண்டும். மருத்துவர் சொல்லாமல் அதைக் குறைக்காதீர்கள். ஷன்ட் நாய்க்கும் தேவைக்கு மேல் குறைத்தால் தசை கரையும். தசையும் அம்மோனியாவை அகற்ற உதவுகிற உறுப்புதான்.

மூன்றாம் மாதம், கல்லீரல் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் பித்த அமில இரத்தப் பரிசோதனை முடிந்ததும் புரதத்தைக் கொஞ்சம் கூட்டலாம் என்றார்கள். டப்பாவுடன் கால் முட்டை, தராசில் நிறுத்துத்தான். அந்தக் கால் முட்டையை முதலில் பொறுக்கித் தின்றுவிட்டுத்தான் மற்றதைத் தொடுகிறாள்.