மழைத் தேதி விற்கிறவரை நம்பி அறுப்பைத் தள்ளிப் போடாதீர்கள்

டெல்டாவில் நெல் போட்டிருக்கிறவர்கள் எல்லாரும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மழை எந்தத் தேதியில் வரும், எந்தத் தேதியில் வராது என்று சீசனுக்கு 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு வாட்ஸ்அப் குரூப்பில் சொல்கிற ஒருவரை நம்பி, 2023 பிப்ரவரியில் என் சம்பாவைத் தண்ணீரில் விட்டேன். அதே ஆள் மன்னார்குடியில் மறுபடியும் மண்டபம் பிடித்திருக்கிறார் என்று போன வாரம் நோட்டீஸ் வந்தது, அதைப் பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. பெயர் போடவில்லை. இவரைப் போல இன்னும் எத்தனையோ பேர் கிளம்பியிருக்கிறார்கள், அதனால் ஆளைவிட அவர்கள் பேசுகிற விதத்தைத் தெரிந்துகொள்வதுதான் உதவும்.

நான் நீடாமங்கலம் பக்கம், வெண்ணாறு பிரிகிற மூணாறு தலைப்பிலிருந்து கொஞ்ச தூரம். 15 மா, அதாவது 5 ஏக்கர். 2022இல் மேட்டூர் அணையை மே 24ஆம் தேதியே திறந்துவிட்டதால் தண்ணீருக்குக் குறையில்லை, சி.ஆர். 1009 ரக நெல் நன்றாக வந்திருந்தது. நவம்பர் இரண்டாம் வாரத்தில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியதே, ஞாபகம் இருக்கும், அதற்கு அடுத்த வாரம்தான் இவர் கூட்டம் போட்டார். எல்லாருக்கும் வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டிருந்த நேரம். மண்டபம் நிரம்பிவிட்டது.

ஒன்றரை மணி நேரம் பேசினார். மழையைப் பற்றிப் பேசியது இருபது நிமிஷம் இருக்கும், மீதி நேரம் முழுக்கத் தன்னைப் பற்றித்தான். யார் யார் பொன்னாடை போர்த்தினார்கள், எந்தெந்த அதிகாரி ராத்திரியில் போன் போட்டுக் கேட்டார், சென்னையில் படித்த விஞ்ஞானிகளே இவர் சொன்னதைப் பார்த்துத்தான் அறிக்கை எழுதுகிறார்களாம். கஜா புயல் எந்த ஊரில், எத்தனை மணிக்குக் கரையேறும் என்று மூன்று மாதம் முன்னாலேயே சொன்னவர் இவர்தானாம். கஜா என்ற பெயரைச் சொன்னாலே நம் பக்கத்து ஜனங்களுக்கு நெஞ்சு அடைக்கும், 2018 நவம்பர் 16 விடிவதற்குள் பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னையெல்லாம் என்ன ஆனது என்று பார்த்தவர்கள் நாம். அந்த வலியைத் தொட்டுத்தான் அவர் ஆரம்பித்தார்.

பின் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, "ஐயா, நீங்க சொல்லித் தப்பிப் போனது ஏதாவது உண்டா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். இவருக்கு முகம் மாறிவிட்டது. "என் வாக்கு தப்பாது. கேட்ட காதுதான் தப்பும்" என்றார். கூட்டம் கை தட்டியது, நானும் தட்டினேன். அந்தப் பதிலிலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். பெரியவரை உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

காசு கட்டினேன். நவம்பர், டிசம்பரில் அவர் சொன்னது பாதிக்கு மேல் சரியாகத்தான் இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் மழை வரும் என்று சொன்னால் பாதி நாள் பலிக்காமல் எங்கே போகும்? வடகிழக்குப் பருவமழையே அப்போதுதானே. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஜனவரி 29க்கு அறுவடை மெஷின் முறை வைத்திருந்தேன். 26ஆம் தேதி ராத்திரி குரூப்பில் செய்தி: "பிப்ரவரி 10 வரை ஒரு துளி கிடையாது. அவசரப்பட்டு அறுக்க வேண்டாம், நெல் நன்றாகக் காயட்டும்." அரசு நெல் வாங்குகிற டிபிசியில் (நேரடிக் கொள்முதல் நிலையத்தில்) 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் என்ன பாடு என்பது உங்களுக்கே தெரியும். ஒரு வாரம் வெயிலில் நின்றால் நமக்குத்தானே நல்லது என்று என் முறையைப் பக்கத்து வயல்காரருக்கு விட்டுக்கொடுத்தேன். அதற்குள் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகி, டெல்டாவுக்குக் கனமழை என்று வானிலை மையம் சொல்வதாக டிவியில் ஓட ஆரம்பித்தது. வீட்டில் என் மனைவி இரண்டு தடவை சொன்னாள், அறுத்துவிடலாம் என்று. குரூப்பில் கேட்டேன். "அது இலங்கைக்குப் போகிற மழை. அரசாங்கம் சொல்வதை நம்புகிறவர்கள் குரூப்பை விட்டுப் போகலாம்" என்று பதில். சரி என்று இருந்துவிட்டேன்.

அது இலங்கைக்குத்தான் போனது, ஆனால் மழை நமக்கும் சேர்த்துக் கொட்டியது. பிப்ரவரி முதல் தேதியிலிருந்து மூன்று நாள். தலைசாய்ந்து நின்ற கதிர் அப்படியே படுத்து, தண்ணீரில் கிடந்து, நாலாவது நாள் பார்த்தால் வயலிலேயே முளை விட்டிருந்தது. மாவுக்குப் பத்து மூட்டைக்குக் குறையாது என்று வைத்திருந்தேன், நாலு தேறியது, அதுவும் கறுத்த நெல். ஈர வயலில் செயின் மெஷின் இறக்கி இரண்டு பங்கு நேரம், இரண்டு பங்கு வாடகை. அரசாங்கம் ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. எனக்கு இரண்டு ஹெக்டேர்தான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். என் முறையை வாங்கிக்கொண்டவர் 29ஆம் தேதி அறுத்துக் கரையேறிவிட்டார், அவர் நன்றாக இருக்கட்டும்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். மார்ச்சில் திருத்துறைப்பூண்டியிலிருந்து என் மச்சான் வந்திருந்தார். பேச்சுவாக்கில், "மாப்பிள்ளை, நம்ம ஆளு கரெக்டா சொல்லிட்டாரு பாத்தீங்களா, 31க்குள்ள அறுத்துடுங்கன்னு. அதனாலதான் தப்பிச்சேன்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் போனை வாங்கிப் பார்த்தேன். அதே ஆள், அதே ஜனவரி 26, அதே ராத்திரி, வேறு குரூப். அங்கே மழை வரும் என்று போட்டிருக்கிறார், இங்கே வராது என்று போட்டிருக்கிறார். ஒன்று எப்படியும் பலிக்கும் அல்லவா, பலித்த குரூப்பில் உள்ளவர்கள் ஊரெல்லாம் புகழ்வார்கள், பலிக்காத குரூப்பில் வாயைத் திறந்தவனை நீக்கிவிட்டால் போயிற்று. நான் கேட்டேன், என்னை ஐந்து நிமிஷத்தில் நீக்கினார்.

அப்புறம்தான் என் மகள் அவருடைய பேஸ்புக்கைத் தோண்டினாள். கஜாவைப் பற்றிய அந்தப் பழைய பதிவு இருக்கிறது, தேதியும் ஆகஸ்ட் என்றுதான் இருக்கிறது. ஆனால் திருத்தங்களைத் திறந்து பார்த்தால் முதலில் எழுதியது "இந்த வருடம் கடலோரத்தில் பெரிய காற்று உண்டு" என்ற ஒரே வரி. ஊர், நேரம் எல்லாம் புயல் போன பிறகு சேர்த்தவை. வானிலை மையமும் கஜாவை முதலில் வடக்கே காட்டிவிட்டு, அப்புறம் கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்று மாற்றியது. மாற்றியதை நேரம் போட்டு ஊரறிய வெளியிட்டது, பழைய அறிக்கையை யாரும் அழிக்கவில்லை. தப்பே வராத ஆள் என்று ஒருவர் இருக்கிறாரா என்று தேடுவதை நான் விட்டுவிட்டேன். தப்பினதை எழுதி வைத்திருக்கிறாரா என்றுதான் பார்க்கிறேன்.

என் தாத்தா அடுத்த வருஷ மழையைக் கணிக்க மார்கழியில் கர்ப்போட்டம் பார்ப்பார். சூரியன் பூராடத்தில் இருக்கிற அந்தப் பதினாலு நாளும் விடியலில் வரப்பில் நின்று மேகத்தைப் பார்த்து, வந்து காலண்டரில் குறிப்பார். அடுத்த வருஷம் பலித்ததா என்று அதே காலண்டரை எடுத்து வைத்து டிக் போடுவார், பலிக்காததற்குச் சுழிப்பார். சுழி நிறையவே இருக்கும். யாராவது வந்து கேட்டால், "இப்படித் தெரியுது, பாப்போம்" என்பார், ஒரு வெற்றிலை பாக்குகூட வாங்கினதில்லை. அவர் கணிப்பு அறிவியலா என்பது வேறு பேச்சு. அந்த அடக்கம் இருந்ததால் யாரும் அவர் பேச்சைக் கேட்டு அறுப்பை நிறுத்திக் கெட்டதில்லை.

இரண்டு வாரம் கழித்து இந்தத் தேதியில், இந்த ஊரில், இத்தனை செ.மீ. என்று அடித்துச் சொல்கிறவரிடம் காசு கொடுக்காதீர்கள், காற்றும் கடலும் அவ்வளவு நாளுக்கு முன்னால் அப்படிப் பிடி கொடுக்காது. சென்னை வானிலை மையம் நாலைந்து நாளுக்கு மாவட்டவாரியாகக் கொடுப்பது இலவசம். செவ்வாயும் வெள்ளியும் விவசாயிகளுக்கென்று தனியாக அறிவுரை வருகிறது, மேகதூத் ஆப்பில் தமிழிலேயே பார்க்கலாம். அதுவும் சில சமயம் தப்பும்தான். ஆனால் உங்களுக்கு ஒன்று, உங்கள் மச்சானுக்கு ஒன்று என்று சொல்லாது.

இப்போது வந்திருக்கிற நோட்டீஸில் கட்டணம் 2,500. "2023 பிப்ரவரி மழையை முன்கூட்டியே சொன்னவர்" என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே அந்தத் திருத்துறைப்பூண்டி குரூப் செய்தியைப் படமாக அச்சடித்திருக்கிறார்கள். ஜனவரி 26 ராத்திரி உங்கள் குரூப்பில் என்ன வந்தது என்று போனில் தேடிப் பாருங்கள். இருந்தால் தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கீழே போடுங்கள். நீடாமங்கலத்துக்கு வந்தது என்னிடம் இருக்கிறது, திருத்துறைப்பூண்டிக்கு வந்தது மச்சானிடம் இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்களுடையதும் சேர்ந்தால் கூட்டத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய் போலீஸில் எழுதிக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம்.