ஃபயர்ரெட் ரேண்டமைசர்: எதைக் குலுக்குவது, எதை விட்டுவைப்பது

1996 இல் ஜப்பானில் வெளிவந்த முதல் போக்கிமான் ஆட்டத்தை 2004 இல் கேம் பாய் அட்வான்ஸுக்காகப் புதுப்பித்து வெளியிட்ட பதிப்புதான் போக்கிமான் ஃபயர்ரெட். போக்கிமான் என்ற கற்பனை உயிரினங்களைப் பிடித்து, வளர்த்து, சண்டையிட வைப்பதுதான் ஆட்டம். பல முறை ஆடி முடித்தவர்களுக்கு எந்தப் புல்வெளியில் எது வரும், எந்த ஜிம்மில் (தலைவரை வென்று தாண்ட வேண்டிய சண்டைக்கூடத்தில்) எதைக் கொண்டுபோக வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். யூனிவர்சல் போக்கிமான் ரேண்டமைசர் என்ற மென்பொருள் அந்த மனப்பாடத்தைக் கலைக்கிறது: ஆட்டத்தின் கோப்பைக் கொடுத்தால், நாம் தேர்ந்தெடுத்த அமைப்புகளின்படி உள்ளே இருப்பவற்றைக் குலுக்கிப் புதிய கோப்பாகத் தருகிறது. ஆனால் அந்த அமைப்புகள் பக்கம் பக்கமாக நீள்கின்றன. எல்லா இடத்திலும் 'ரேண்டம்' என்பதையே அழுத்திவிட்டுத் தொடங்குகிறவர், பெரும்பாலும் இரண்டாவது ஜிம்முக்குள் ஆர்வம் இழந்துவிடுகிறார்.

காரணம் எளிது. இந்த அமைப்புகளில் ஒரு பகுதி, யாரை எங்கே சந்திக்கிறோம் என்பதை மாற்றுகிறது. மற்றொரு பகுதி, சந்தித்தது என்ன குணமுடையது என்பதையே மாற்றுகிறது. முதல் வகையைக் குலுக்கினால் நாம் அறிந்தவை எதிர்பாராத இடத்தில் வந்து நிற்கின்றன, நம் பழைய அறிவு புதிய விதத்தில் பயன்படுகிறது. இரண்டாவது வகையையும் சேர்த்துக் குலுக்கினால் அந்த அறிவுக்கு வேலையே இல்லாமல் போய், ஒவ்வொரு சண்டையும் ஊகமாகிவிடுகிறது. முதல் வகையில் தாராளமாகவும் இரண்டாவதில் கஞ்சத்தனமாகவும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி; கீழே உள்ள ஒப்பீடுகள் அந்தக் கோணத்திலிருந்தே எழுதப்பட்டவை.

புல்வெளியில் வரும் காட்டுப் போக்கிமான்களுக்கு மூன்று வழிகள் உண்டு: ரேண்டம், ஏரியா 1-டு-1, குளோபல் 1-டு-1. ஃபயர்ரெட்டின் ஒவ்வொரு புல்வெளிக்கும் பின்னால் 12 இடங்கள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது. முதல் இரண்டு இடங்களுக்குத் தலா 20 விழுக்காடு வாய்ப்பு, கடைசி இரண்டுக்குத் தலா 1 விழுக்காடு. மூல ஆட்டத்தின் ரூட் 1 இல் இந்த 12 இடங்களையும் பிஜியும் ரட்டாட்டாவும் மட்டுமே பகிர்ந்துகொள்கின்றன. 'ரேண்டம்' ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியே குலுக்குவதால், அதே ரூட் 1 இல் 12 வேறு வேறு போக்கிமான்கள் வரக்கூடும். கேட்பதற்கு இது கொண்டாட்டமாக இருந்தாலும், முதல் மூன்று புல்வெளிகளிலேயே முப்பதுக்கு மேற்பட்டவை கண்ணில் பட்டுவிடுவதால், அடுத்த ஊருக்குப் போய்ப் பார்க்கும் ஆவல் தணிந்துவிடுகிறது. ஏரியா 1-டு-1 முறையில் ரூட் 1 க்குள் பிஜி அனைத்தும் ஒரே போக்கிமானாகவும் ரட்டாட்டா அனைத்தும் இன்னொன்றாகவும் மாறும். அடுத்த பகுதியில் பிஜி வேறொன்றாக இருக்கும். ஒவ்வோர் இடத்துக்கும் தனி அடையாளம் அமைகிறது, அரிதானது அரிதாகவே இருக்கிறது. குளோபல் முறையில் ஒரு மாற்றம் ஆட்டம் முழுவதற்கும் பொருந்தும். அதில் ஓர் ஒழுங்கு உண்டு, அதை நானும் மதிக்கிறேன். ஆனால் மவுண்ட் மூனிலும் ராக் டனலிலும் கூட்டம் கூட்டமாக வரும் ஜுபாட்டின் இடத்துக்குச் செல்ஃப்-டிஸ்ட்ரக்ட் (தானே வெடித்து எதிரியையும் தாக்கும் மூவ்) தெரிந்த ஒன்று வந்துவிட்டால், அந்தத் தலைவலி ஆட்டம் முழுக்கத் தொடரும். ஒரு பகுதிக்கு ஒன்றை மட்டுமே பிடிக்கலாம் என்ற நஸ்லாக் விதியோடு ஆடுகிறவர்கள் ஏரியா முறையைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை.

இதனுடன் சேர்த்துத் தேர்ந்தெடுக்கும் கூடுதல் விதிகளில் 'சிமிலர் ஸ்ட்ரெங்த்', 'கேட்ச் தெம் ஆல்' இரண்டும் போட்டியிடுகின்றன. இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள முடியாது. கேட்ச் தெம் ஆல், எல்லாப் போக்கிமான்களும் எங்கேனும் ஓரிடத்தில் கிடைப்பதை உறுதிசெய்கிறது. ஃபயர்ரெட் சேர்ந்த மூன்றாம் தலைமுறை ஆட்டங்களின் 386 போக்கிமான்களையும் சேகரிக்க முனைபவருக்கு அது தேவை, மற்றவர்களுக்கு இல்லை. சிமிலர் ஸ்ட்ரெங்த், மாற்றாக வருவதன் அடிப்படைப் புள்ளிகளின் (தாக்குதல், தற்காப்பு, வேகம் போன்றவற்றின்) கூட்டுத்தொகை பழையதற்கு அருகில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறது. பிஜியின் கூட்டுத்தொகை 251 என்பதால், 680 கொண்ட மியூடூ ரூட் 1 இல் லெவல் 3 இல் வந்து நிற்காது. அப்படி வந்தாலும் பெரும் பயனில்லை: அதைப் பிடிக்கும் எளிமைக்கான எண் வெறும் 3, தொடக்கத்தில் கையிலிருக்கும் சாதாரணப் பந்துகளால் அதை அடக்குவது கடினம்.

ஆனால் கூட்டுத்தொகை சொல்லாத கதைகளும் உண்டு. முதல் ஜிம்மின் தலைவர் ப்ராக்கின் ஆனிக்ஸுக்கு மொத்தம் 385 புள்ளிகள், அதில் 160 தற்காப்பில் முடங்கிக் கிடக்க, தாக்கும் வலிமை 45 மட்டுமே. அதற்கு அருகில், 400 புள்ளிகளோடு இருக்கும் கடாப்ராவுக்குச் சிறப்புத் தாக்குதல் 120, வேகம் 105. காகிதத்தில் இரண்டும் ஏறக்குறையச் சமம். முதல் ஜிம்மில் லெவல் 14 இல் எதிர்கொள்பவருக்கோ அவை மலையும் மின்னலும். மறுபுறம், 670 புள்ளிகளோடு பயமுறுத்தும் ஸ்லேக்கிங் ஒரு முறை விட்டு ஒரு முறைதான் அசையும். இந்தப் பிசகுகளை நான் குறையாக எண்ணவில்லை. பெருங்கொடுமைகளைத் தடுத்துவிட்டுச் சிறு அநியாயங்களை உள்ளே விடும் சல்லடை அது. அந்த அநியாயங்களை எப்படிச் சமாளிப்பது என்று யோசிப்பதில்தான் ஆட்டத்தின் சுவையே இருக்கிறது. ஆகவே காட்டுப் போக்கிமானுக்கும் பயிற்சியாளர்களின் போக்கிமானுக்கும் இதையே பரிந்துரைக்கிறேன். பயிற்சியாளர்களின் போக்கிமானுக்கு லெவலை விழுக்காட்டில் உயர்த்தும் வசதியும் உண்டு. மனப்பாடமாக ஆடியவர்கள்கூட 10 அல்லது 20 இல் தொடங்குவது நல்லது. 50 வைத்தால் ப்ராக்கின் லெவல் 14 நேராக 21 ஆகிவிடும், பின்பு நம் லெவலை ஏற்ற ரட்டாட்டா போன்ற எலிகளை அடித்தே பொழுது போகும்.

மூவ்களைப் (சண்டையில் போக்கிமான் பயன்படுத்தும் உத்திகளை) பொறுத்தவரை, முழு ரேண்டமுக்கும், சொந்த வகைக்கு முன்னுரிமை தரும் ரேண்டமுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கிறது. மூன்றாம் தலைமுறையில் ஒரு மூவ் உடல்வலிமையைச் சார்ந்ததா, சிறப்புத் தாக்குதலைச் சார்ந்ததா என்பதை அதன் வகையே தீர்மானிக்கிறது: நீர், நெருப்பு, மின்சாரம் போன்றவை சிறப்பு; சண்டை, பாறை, நிலம் போன்றவை உடல்வலிமை. தாக்கும் வலிமை 130 உம் சிறப்புத் தாக்குதல் 65 உம் கொண்ட மச்சாம்ப்புக்கு முழு ரேண்டம் நீர் மூவ்களாக வழங்கினால், அந்த 130 தூங்கிக்கொண்டே இருக்கும். முன்னுரிமை தரும் முறையில் அதற்குச் சண்டை மூவ் கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது. எந்த முறையானாலும், ஆட்டத்தைக் கெடுக்கும் மூவ்களை விலக்கும் கட்டத்தைக் குறியிடாமல் தொடங்கவே கூடாது. டிராகன் ரேஜ் எப்போதும் சரியாக 40 உயிர்ப்புள்ளிகளைக் குறைக்கும். லெவல் 14 ஆனிக்ஸின் உயிர்ப்புள்ளிகளே 40 ஐ எட்டாது. தொடக்கப் போக்கிமானுக்கு அந்த ஒரு மூவ் வாய்த்தால் முதல் இரண்டு மணிநேரம் ஆட்டமே இல்லை.

வகைகளையும் திறன்களையும் (ஒவ்வொரு போக்கிமானுக்கும் உரிய தனி இயல்புகளையும்) குலுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எந்தத் தாக்குதல் எடுபடும் என்பதைச் சண்டைத் திரையிலேயே காட்டும் வசதி, ஏழாம் தலைமுறையின் சன், மூன் ஆட்டங்களில்தான் வந்தது. ஃபயர்ரெட்டில் அடித்துப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். வகைகள் மாறிய எதிரியின் முன்னே முதல் அடி எப்போதும் குருட்டடிதான். எது எப்படி மாறியது என்று ரேண்டமைசர் எழுதித் தரும் பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு ஆடலாம் என்பார்கள். விடைத்தாளை மடியில் வைத்துக்கொண்டு எழுதும் தேர்வில் எனக்கு ஆர்வமில்லை. திறன்களில் ஷெடிஞ்சாவின் வண்டர் கார்டு தனிக் கதை: அது எந்த வகைக்குப் பலவீனமோ அந்த வகைத் தாக்குதல் தவிர வேறெந்த நேரடி அடியும் படாது. ஒரே ஓர் உயிர்ப்புள்ளி கொண்ட ஷெடிஞ்சாவுக்கென அமைந்த அந்தக் கவசம், பருத்த உடல் கொண்ட வேறொன்றுக்குப் போனால் சண்டை நகராது. அதை அனுமதிப்பதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது, காலியாகவே விடுங்கள்.

பொருள்களைக் குலுக்குவதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை: 'ஷஃபிள்' இருப்பதை இடம் மாற்றுகிறது, 'ரேண்டம்' புதிதாகப் போடுகிறது, ரேண்டமே சுவையானது, மோசமான பொருள்களை விலக்கும் கட்டத்தை மட்டும் குறியிட்டுக்கொண்டால் போதும்.

பரிணாமங்களை (ஒரு போக்கிமான் வளர்ந்து வேறொன்றாக மாறுவதை) குலுக்குவதா என்பது அவரவர் துணிச்சல், நான் குலுக்குவதில்லை. ஆனால் சாத்தியமற்ற பரிணாமங்களை மாற்றும் கட்டம் அனைவருக்கும் உரியது. கடாப்ரா, மச்சோக், கிராவ்லர், ஹான்டர் நான்கும் இன்னொருவரோடு பரிமாறிக்கொண்டால்தான் வளரும். ஈவி எஸ்பியானாகவோ அம்பிரியானாகவோ மாறுவதற்குத் தேவையான கடிகாரம் ஃபயர்ரெட்டில் இல்லவே இல்லை. அந்தக் கட்டத்தைக் குறியிட்டால் இவற்றுக்குத் தனியாக ஆடும்போதும் நிறைவேறும் வழி கிடைக்கிறது. அப்படியே, ஹெச்எம்களை (மரம் வெட்டும் 'கட்' போல, வழியைத் திறக்க உதவும் மூவ்களை) எல்லாப் போக்கிமானும் கற்கும்படி செய்யும் கட்டத்தையும் குறியிடுங்கள்: வெர்மிலியன் நகர ஜிம்மின் வாசலை ஒரு மரம் மறைத்து நிற்கிறது, அணியில் ஒன்றாலும் கட் கற்க முடியாது என்றால் மீண்டும் புல்வெளியில் அலைய வேண்டும்.