டெனான் எக்ஸ்3800ஹெச் ரிசீவரில் ஆடிஸி எக்ஸ்டி32: அளவீடு எங்கே தவறும், எப்படிச் சரிசெய்வது

டெனான் ஏவிஆர்-எக்ஸ்3800ஹெச் 2022இல் வந்த 9 சேனல் ஹோம் தியேட்டர் ரிசீவர், அதாவது ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி. நான்கு சப்வூஃபர்களுக்கு (பேஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்கள்) தனித்தனி அவுட்புட் உண்டு. ஆனாலும் விலை குறைந்த மாடல்களை விட்டு இதற்கு ஏறி வர முதல் காரணம் உள்ளே இருக்கும், அறைக்கேற்ப ஒலியைத் திருத்தும் மென்பொருளான ஆடிஸி மல்ட்இக்யூ எக்ஸ்டி32தான். கூடவே வரும் மைக்கை உட்காரும் இடத்தில் நிறுத்தினால், ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஸ்வீப் ஒலி (தாழ்விலிருந்து உச்சம் வரை ஏறும் சோதனை ஒலி) எழுப்பிக் கேட்டு, தூரம், ஒலி அளவு, கிராஸ்ஓவர் (எந்த ஒலிக்குக் கீழே சப்வூஃபர் பொறுப்பேற்கும் என்ற எல்லை), ஈக்யூ ஃபில்டர் (ஒலியைத் திருத்தும் வடிகட்டி) எல்லாவற்றையும் தானே போட்டுவிடும். பேஸைச் சீராக்குவதில் இது கொடுத்த காசுக்கு மேலேயே வேலை செய்கிறது. ஆனால் மைக்கின் காதில் விழுந்ததை அப்படியே நம்பிவிடும். ஆடிஸி சரியில்லை என்று வரும் புகார்களில் பெரும்பகுதி, அளவீட்டுக்கு முன் கவனிக்காமல் விட்ட விஷயங்களால் வருபவை.

பேஸில் ஏன் இத்தனை வித்தியாசம்? 12 அடி நீளம், 10 அடி அகலம் உள்ள கான்கிரீட் அறையை எடுத்துக்கொள்வோம். நீளவாக்கில் சுமார் 47 ஹெர்ட்ஸிலும் அகலவாக்கில் சுமார் 56 ஹெர்ட்ஸிலும் அந்த அறை தானாக முழங்கும். செங்கல் சுவரும் டைல்ஸ் தரையும் இந்த முழக்கத்தை உறிஞ்சாது. விலை குறைந்த எக்ஸ்1700ஹெச் மாடலில் இருக்கும் எக்ஸ்டி பதிப்பிலும் எட்டு இடங்களில் அளக்கலாம், ஆனால் ஃபில்டர்களின் நுணுக்கம் குறைவு. எக்ஸ்டி32 இந்த முழக்கத்தால் எழும் ஒலி மேடுகளைக் குறுகலாகப் பிடித்து வெட்டுகிறது. வசனத்தின் மேல் படியும் ‘கும்’மென்ற மூட்டம் விலகுவது முதல் படத்திலேயே கேட்கும்.

அதற்கும் எல்லை உண்டு. ஆடிஸி ஒரு மேட்டை 20 டெசிபெல் வரை வெட்டும், பள்ளத்தையோ 9 டெசிபெல்லுக்கு மேல் தூக்காது. உட்காரும் இடத்தில் ஒலி அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டால் எவ்வளவு சக்தி கொடுத்தாலும் அந்தப் பள்ளம் நிரம்பாது. சப்வூஃபரையோ சோபாவையோ நகர்த்துவது மட்டுமே வழி. சப்வூஃபரை உட்காரும் இடத்திலேயே வைத்து பேஸ் நிறைந்த பாட்டு ஒன்றை ஓடவிட்டு, தரையை ஒட்டிக் குனிந்து சுவரோரமாக நகர்ந்து கேளுங்கள். பேஸ் எங்கே நிரவலாகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரைக் கொண்டுபோய் வையுங்கள். அளவீடு அதற்குப் பிறகுதான்.

மைக் விஷயத்தில்தான் அதிகத் தவறு நடக்கிறது. எட்டு இடங்களில் முதல் இடத்துக்கு மட்டும் தனி மதிப்பு: எல்லா ஸ்பீக்கர்களின் தூரமும் அளவும் அங்கிருந்துதான் எடுக்கப்படுகின்றன. வழக்கமாக உட்காரும் இருக்கையின் நடுவில், காது உயரத்தில், முனை கூரையைப் பார்த்து நிற்க வேண்டும். பெட்டியில் வரும் அட்டை ஸ்டாண்டை மெத்தென்ற சோபாவில் வைத்தால் சாயும். மைக்கின் அடியில் கேமரா ட்ரைபாட் மாட்டும் திருகுவழி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். சோபாவின் முதுகு காதைவிட உயரமாக இருந்தால் மைக்கை ஒரு சாண் முன்னால் தள்ளி, முதுகின் மேல் கனமான போர்வையைப் போடுங்கள். லெதர் முதுகில் பட்டுத் திரும்பும் ஒலியை ஸ்பீக்கரின் குணம் என்று எடுத்துக்கொண்டு ஆடிஸி உயர் ஒலிகளைத் திருத்திவிடும். குரல் மங்கலாகவோ கூர்மையாகவோ மாறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மற்ற ஏழு இடங்களையும் முதல் இடத்தைச் சுற்றி சுமார் 60 சென்டிமீட்டருக்குள் வையுங்கள். சுவரை ஒட்டிப் போக வேண்டாம். ஒருவர் மட்டுமே கேட்கும் அறையானால் 30 சென்டிமீட்டர் போதும். மூன்று இடங்களோடு நிறுத்திக்கொண்டால் ஓரிரு புள்ளிகளின் குறைகளே முழு அறையின் குறைகளாகப் பதிவாகிவிடும். எட்டையும் முடிப்பது நல்லது.

சீலிங் ஃபேன், ஏசி, பக்கத்து அறை ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் அணையுங்கள். ஃபேன் காற்று மைக்கில் அடித்தாலே தாழ்ந்த ஒலிகளில் இரைச்சல் ஏறும். ஸ்வீப் முதல் முறையைவிடப் பலமாகத் திரும்ப ஒலித்தால் வெளிச்சத்தம் குறுக்கிட்டிருக்கிறது என்று பொருள். சுற்றுப்புறச் சத்தம் அதிகம் என்ற எச்சரிக்கையே திரையில் வந்தால் சத்தத்தை நிறுத்திவிட்டு அந்த இடத்தை மட்டும் மறுபடி அளக்கலாம். மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது.

சப்வூஃபரில் முன்னதாக மூன்று காரியங்கள். பின்புற கிராஸ்ஓவர் குமிழை உச்சத்தில் வையுங்கள், எல்எஃப்ஈ இன்புட் (சப்வூஃபரின் சொந்த வடிகட்டியைத் தாண்டிச் செல்வது) இருந்தால் அதில் இணையுங்கள். ஃபேஸை (ஒலி அலையின் முன்பின் நிலை) 0இல் வையுங்கள். ஆட்டோ ஸ்டாண்ட்பையை அணையுங்கள். தூங்கிக் கிடக்கும் சப்வூஃபருக்கு ‘நன்’ (None, அதாவது இல்லை) என்று காட்டிவிட்டு ரிசீவர் நகர்ந்துவிடும். அளவீட்டின் தொடக்கத்தில் சப்வூஃபர் அளவைத் திரையில் பார்த்து 75 டெசிபெல்லுக்குக் கொண்டுவரச் சொல்லும். இதைத் தாண்டி ஓடாதீர்கள். கடைசியில் சப்வூஃபர் லெவல் -12 என்று வந்தால் அது அளந்த மதிப்பு இல்லை, ரிசீவர் இறங்கக்கூடிய கடைசிப் படி. உண்மையில் -15 தேவைப்பட்டிருக்கலாம். சப்வூஃபரின் வால்யூம் குமிழைக் குறைத்து முதலிலிருந்து அளக்க வேண்டும். +12 வந்தால் குமிழைக் கூட்ட வேண்டும்.

ஃபேஸ் எச்சரிக்கை வந்தால் இரு முனைகளிலும் சிவப்பு, கறுப்பு ஒயரைப் பாருங்கள். சரியாக இருந்தால் ஸ்கிப் கொடுத்துப் போகலாம். சில ஸ்பீக்கர்களின் உள் கிராஸ்ஓவர் அமைப்பே இந்த எச்சரிக்கையைக் கிளப்பும். அதற்காக ஒயரை மாற்றி மாட்டினால் சரியாக இருந்ததும் கெட்டுவிடும். மேலே பொருத்தும் உயர ஸ்பீக்கர்கள் ‘நன்’ என்று வந்தால் முதலில் ஆம்ப் அசைன் மெனுவை (எந்த ஆம்ப் எந்த ஸ்பீக்கருக்கு என்று ஒதுக்குவது) திறந்து பாருங்கள்.

அளவீடு முடிந்ததும் முடிவுகளைப் படிக்காமல் படம் போடாதீர்கள். முன் ஸ்பீக்கர்களை ‘லார்ஜ்’ (முழு பேஸையும் தானே ஒலிப்பது) என்று காட்டியிருந்தால் ‘ஸ்மால்’ (பேஸை சப்வூஃபருக்கு விட்டுவிடுவது) ஆக்கி 80 ஹெர்ட்ஸ் கொடுங்கள். லார்ஜ், ஸ்மால் என்று தீர்மானிப்பது ரிசீவரின் மென்பொருள், ஆடிஸி இல்லை. கிராஸ்ஓவரை உயர்த்தலாம், காட்டிய அளவுக்குக் கீழே இறக்கக் கூடாது. அந்தப் பகுதிக்குத் திருத்தமே கணக்கிடப்பட்டிருக்காது. 60 ஹெர்ட்ஸ் வரை இறங்கக்கூடிய ஸ்பீக்கருக்கு 150 என்று வந்தால் மைக் இடத்தையும் ஒயரையும் சரிபார்த்து மறுபடி அளவிடுங்கள்.

சப்வூஃபர் தூரம் டேப்பில் அளந்ததைவிட ஒரு மீட்டரோ அதற்கு மேலோ கூடுதலாகக் காட்டும். திருத்த வேண்டாம். சப்வூஃபருக்குள் இருக்கும் மின்சுற்றின் தாமதத்தையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. ஒலிக்கு ஒரு மில்லிசெகண்ட் தாமதம் என்பது 34 சென்டிமீட்டர் தூரம். டேப் அளவைப் போட்டால் சப்வூஃபரும் முன் ஸ்பீக்கர்களும் சேரும் இடத்தில் பேஸ் மெலியும். ஆடிஸி போட்ட தூரத்திலும் 80 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் இருந்தால், தூரத்தை 30 சென்டிமீட்டர் படிகளில் மாற்றி மாற்றிச் சோதிக்கலாம். அந்த ஒலியின் அரை அலைநீளம் சுமார் 2.1 மீட்டர், அந்த வீச்சுக்குள் நல்ல இடம் கிடைத்துவிடும். இதைக் காதால் மட்டும் செய்வது கடினம். யூமிக்-1 போன்ற யூஎஸ்பி மைக்கும் இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற அளவீட்டு மென்பொருளும் இருந்தால் வரைபடத்திலேயே பார்த்துவிடலாம்.

பேஸ் குறைந்துவிட்டது என்பது அடுத்த புகார். முழக்கம் போய்விட்டதால் முதலில் அப்படித்தான் தோன்றும். சப்வூஃபர் லெவலை 3 டெசிபெல் கூட்டிப் பாருங்கள், மறுபடி அளக்கத் தேவையில்லை. குறைந்த சத்தத்தில் பார்ப்பவர்களுக்கு டைனமிக் ஈக்யூ (குறைந்த வால்யூமில் பேஸைத் தானே தூக்கும் வசதி) கைகொடுக்கும், ஆனால் பின் ஸ்பீக்கர்களையும் சேர்த்துத் தூக்கும். அது எவ்வளவு தூக்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் ரெஃபரன்ஸ் லெவல் ஆஃப்செட்டைப் படத்துக்கு 0, டிவிக்கு 10, சத்தமாகவே மிக்ஸ் செய்யப்படும் பாப் பாட்டுக்கு 15 என்று மாற்றினால் அளவோடு நிற்கும். டைரக்ட், ப்யூர் டைரக்ட் மோட்களில் ஆடிஸி வேலையே செய்யாது. ‘ஒரு வித்தியாசமும் இல்லை’ என்பவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

என் பெரிய குறை ஒன்றுதான். 2,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஆடிஸி வேண்டுமென்றே ஒரு சரிவை வைக்கிறது. நல்ல ஸ்பீக்கரில் பாடகர் குரல் பின்வாங்குவது போலக் கேட்கும். ரிசீவர் மெனுவில் ஃப்ளாட் என்று மாற்றலாம், ஆனால் உயர் ஒலிகளின் தணிப்பும் சேர்ந்து போய்விடும். சரிவை மட்டும் நீக்க, காசு கொடுத்து வாங்கும் மல்ட்இக்யூ எடிட்டர் ஆப் வேண்டும். திருத்தத்தை 300 அல்லது 500 ஹெர்ட்ஸோடு நிறுத்திவிட்டு மேலே ஸ்பீக்கரின் இயல்பை விட்டுவைக்கவும் அதே ஆப்தான். இத்தனை விலை வைத்த கருவியில் இவை மெனுவிலேயே இருந்திருக்க வேண்டும். ரிசீவரில் ஏற்கெனவே எடுத்த அளவீட்டை ஆப் ஏற்காது என்பதால், வாங்கும் எண்ணம் இருந்தால் முதல் முறையே ஆப் வழியாக அளந்துவிடுங்கள். போனும் ரிசீவரும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும்.

ஆடிஸிக்கு மாற்றான டிராக் லைவ் என்ற அறைத் திருத்த மென்பொருளின் லைசென்ஸையும் இந்த மாடலில் தனியாக வாங்கிப் போடலாம். ஒரே சப்வூஃபர், சாதாரண ஹால் என்றால் அந்தப் பணத்தை இரண்டாவது சப்வூஃபருக்கு ஒதுக்குங்கள். ஒரு சப்வூஃபரால் விழும் பள்ளத்தை வேறு சுவரோரம் நிற்கும் இன்னொன்று நிரப்பக்கூடும்.