மாற்று வில்லாக எது: லாங்போவா, டேக்டவுனா, ஹார்ஸ்போவா?

இரண்டாவது வில் தேடும்போது பலரும் பார்ப்பது அழகையும் வேகத்தையும்தான். நான் முதலில் பார்ப்பது அம்புக்கூட்டை. முதல் வில்லின் லிம்ப் (வளையும் கை) விரிசல் விட்ட அன்றைக்கு, கூட்டில் இருக்கும் அதே அம்புகள் இரண்டாவது வில்லிலும் ஒழுங்காகப் போக வேண்டும்.

நீளமான, எளிய வளைவுள்ள லாங்போ காலை வாருவது இங்கேதான். முதல் வில் ரிகர்வ் (நுனி முன்பக்கம் வளைந்த வில்) என்று வையுங்கள்; அதில் அம்பு அமரும் இடம் பெரும்பாலும் வில்லின் நடுக்கோடு வரை, சிலவற்றில் அதையும் தாண்டி வெட்டப்பட்டிருக்கும். பழைய பாணி லாங்போவில் அவ்வளவு வெட்டு கிடையாது. அம்பு வளைந்து நெளிந்து வில்லைச் சுற்றித்தான் வெளியேற வேண்டும். இரண்டின் இழுவிசையும் 45 பவுண்டாகவே இருக்கட்டும், ரிகர்வுக்குப் பொருந்திய விறைப்பான அம்பு வலக்கைக்காரருக்கு லாங்போவில் இடப்பக்கம் ஒதுங்கும். கனமான முனை போட்டுச் சமாளிக்கலாம்; ஆனால் அம்பு தாழ விழும், குறியைப் புதிதாகப் பழக வேண்டும்.

பிடியும் வேறு. துப்பாக்கிப் பிடிபோல் வளைந்த பிஸ்டல் பிடியில் பழகிய கைக்கு, நேரான லாங்போ பிடியில் அழுத்தம் உள்ளங்கையின் அடிப்பகுதிக்கு இறங்கிவிடும். நடுக்கோடுவரை வெட்டி, குழிவான பிடி வைத்த ரிஃப்ளெக்ஸ்-டிஃப்ளெக்ஸ் (லிம்ப் முன்னும் பின்னுமாக லேசாக வளைந்த) லாங்போ என்றால் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. குறி பார்க்காமல் இழுத்த வேகத்தில் விடுபவர்களுக்கு அதைத்தான் சொல்வேன்: கையில் கனமில்லை, லிம்பும் லேசில் முறுக்கிக்கொள்ளாது.

தூரத்துக்கேற்ப நாணில் விரலை இறக்கிப் பிடிப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். விரல் இறங்க இறங்க இரண்டு லிம்புக்கும் சுமை ஏறுமாறாகும். வில் அதிரும், சத்தம் போடும். அவர்களுக்கு டேக்டவுன், அதாவது லிம்பைக் கழற்றி மாட்டும் வில்தான், அதுவும் ஐஎல்எஃப் என்ற பொதுவான லிம்ப் இணைப்பு உள்ளது. போல்ட்டைத் திருகி டில்லரை (இரண்டு லிம்புக்கும் இடையிலான சமநிலையை) சரிசெய்யலாம், இழுவிசையிலும் சில பவுண்டு கூட்டிக் குறைக்கலாம். ஏற்கெனவே டேக்டவுன் வைத்திருப்பவருக்கு முழு வில்கூட வேண்டியதில்லை. உபரியாக ஒரு ஜோடி லிம்பும் பழகிய நாணும் போதும். ஒற்றைத்துண்டு ரிகர்வ் பார்க்க லட்சணம்தான், பையில் அடங்காது, அவ்வளவே.

குதிரைமேலிருந்து எய்யும் பாணிக் குட்டை வில்லான ஹார்ஸ்போவில் அம்புக்கு மேடையே இல்லை, கைமேல் வைத்து எய்ய வேண்டும். கட்டைவிரலால் இழுப்பவருக்கு அம்பு மறுபக்கம் அமரும். முதல் வில்லே அதுவானால் மாற்றும் அதுவாக இருக்கட்டும். மற்றவர்களுக்கு அது ஜாலிக்கு.

எதை எடுத்தாலும், வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு 28 அங்குல இழுப்புக்கானது. அதற்குமேல் ஒவ்வொரு அங்குலத்துக்கும் தோராயமாக 2 முதல் 3 பவுண்டு ஏறும். மாற்று வில் கொஞ்சம் இலகுவாக இருந்தால் தப்பில்லை, கூடுதலாக இருந்தால் தோள் காட்டிக்கொடுத்துவிடும்.

பழைய வில் கைக்கு வந்தால் நாணேற்றி, நாண் இரண்டு நுனியிலும் லிம்பின் நடுவே ஓடுகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் லிம்ப் முறுக்கியிருக்கிறது. நுனி வலுவூட்டப்பட்டதா என்று தெரியாவிட்டால் நெகிழாத ஃபாஸ்ட் ஃப்ளைட் நாண் வேண்டாம், கொஞ்சம் நெகிழும் டேக்ரான் நாணே போடுங்கள்.