கிட்டாரும் லூப் பெடலும்: பொது மேடைகளில் நெடுநாள் வாசித்த அனுபவம்

கிட்டார் தெரிந்தவர்கள் கூடியிருக்கும் இடத்தில், காலால் ஒரு பெடலை அழுத்தி வாசித்ததைப் பதிந்து, அது லூப்பாகத் திரும்பத் திரும்ப ஒலிக்க, அதன்மேல் அடுக்கடுக்காக வாசித்துச் செல்லும் வித்தையே ரசிக்கப்படும். இசைக்கருவிகளில் தனி ஆர்வம் இல்லாத பொதுமக்கள் முன்னிலையில் அந்த வித்தைக்கு ஆயுள் குறைவு. அங்கே நிகழ்ச்சியைக் காப்பாற்றுவது பெடலின் வசதிகளைவிட நேரக் கணக்குதான் என்பது, பல ஆண்டுகள் லூப்புடன் வாசித்த பின் நான் வந்து சேர்ந்த முடிவு.

நிமிடத்துக்கு 100 பீட் வேகத்தில், பாருக்கு (தாளத்தின் ஒரு சுற்றுக்கு) நான்கு பீட் என்று வைத்துக்கொண்டால், எட்டு பார் லூப் ஒரு சுற்று வர 19 நொடிக்கு மேல் ஆகும். ஐந்து அடுக்குகளைப் பதிந்து முடிப்பதற்குள் ஒன்றரை நிமிடம் கடந்துவிடும். அதுவரை மெட்டு வராவிட்டால் கேட்பவர்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கிவிடுகிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆகவே மெட்டை முதலிலேயே ஒருமுறை முழுதாக வாசித்துவிட்டு, நான்கு பார் லூப்பில் மூன்று அடுக்குகளோடு நிறுத்திக்கொள்கிறேன். கிட்டாரின் உடலைத் தட்டித் தாளத்தைப் பதிவதை எல்லோருக்கும் தெரியும்படி செய்கிறேன். சற்று மலிவான உத்திதான், ஆனால் ஏற்கெனவே பதிந்த இசையை ஓடவிடுகிறார் என்ற சந்தேகம் அதிலேயே தீர்ந்துவிடுகிறது.

1970களின் தொடக்கத்தில் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப்பும் இசைக்கலைஞர் பிரையன் ஈனோவும் இரண்டு ரெவாக்ஸ் டேப் ரெக்கார்டர்களை இணைத்து இதே வேலையைச் செய்தபோது, பழைய ஒலி சுற்றுக்குச் சுற்று தானாகவே தேய்ந்து புதியதற்கு இடம் கொடுத்தது. இன்றைய சாதாரண டிஜிட்டல் பெடலில் பதிந்தது பதிந்தபடியே நிற்பதால், குறைக்கும் பொறுப்பு வாசிப்பவருடையது. ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடலை இணைப்பு வரிசையில் லூப் பெடலுக்கு முன்னால் வைப்பதும் இதற்காகத்தான். பின்னால் வைத்தால் எல்லா அடுக்குகளும் ஒன்றாகச் சிதைந்து குழம்பிப்போகும். சுருதியைப் பதிவதற்கு முன்பே சரிபார்த்துவிட வேண்டும், ஏனெனில் பிசகிய தந்தி ஒவ்வொரு சுற்றிலும் திரும்பி வரும்.

பெடலைப் பொறுத்தவரை, ஒரே ஸ்விட்சும் ஐந்து நிமிடப் பதிவும் கொண்ட டிசி எலக்ட்ரானிக் டிட்டோவே பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. ஸ்விட்சை அழுத்திப் பிடித்தால் கடைசியாகப் பதிந்த அடுக்கு விலகும், மறுபடி பிடித்தால் திரும்பும். தவறைத் திருத்தத் தந்த இந்த வசதியை, நடுவில் இசையை மெலிதாக்கி மீண்டும் நிரப்பவே நான் அதிகம் பயன்படுத்துகிறேன். பல்லவிக்கும் சரணத்துக்கும் கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) மாறும் பாட்டுக்கு ஒரு டிராக், அதாவது ஒரே ஒரு லூப், போதாது. அதற்கு மூன்று டிராக் கொண்ட பாஸ் ஆர்சி-300 உதவும் என்றாலும், ஸ்விட்சுகள் கூடக்கூட வாசிப்பவரின் பார்வை தரையிலேயே தங்கிவிடுகிறது, அது அரங்குக்கு நல்லதல்ல.

முடிப்பதற்குத் தனிப் பயிற்சி தேவை. டிட்டோவை நிறுத்த இருமுறை விரைந்து அழுத்த வேண்டும், லூப் நிற்பதோ இரண்டாவது அழுத்தத்தில். எனவே முதல் அழுத்தம் பீட்டுக்குச் சற்று முன்னும் இரண்டாவது சரியாக முதல் பீட்டிலும் விழ வேண்டும். ஒலியை மெல்லக் குறைத்துக்கொண்டே போனால் எப்போது கைதட்டுவது என்று கேட்பவர்களுக்குத் தெரிவதில்லை. அதனால் லூப் நிற்கும் அதே கணத்தில் கடைசிக் கார்டைக் கையால் வாசித்து, அது தானாக அடங்கும் வரை தந்திகளைத் தொடாமல் இருக்கிறேன்.