வீட்டில் அம்பு செய்ய வாங்கியவை: எது நிலைத்தது, எது மூலையில் கிடக்கிறது

வீட்டிலேயே அம்பு செய்யத் தொடங்குகிறவர் வாங்கக்கூடாத முதல் பொருள், தண்டு அறுக்கும் மின்ரம்பம். காணொளிகளில் அதைத்தான் முதலில் காட்டுகிறார்கள். கொட்டகையோடு தனி வீடு இருப்பவர்களுக்கு அது சரிப்படும். சிங்கப்பூரில் மூவறை வீவக வீட்டில் (அரசு அடுக்குமாடி வீட்டில்) கார்பன் தண்டை அறுத்தால் எழும் கரும்பொடி தோலை அரிக்கும், மூச்சில் ஏறும். முகக்கவசமும் தூசு உறிஞ்சியும் இல்லாமல் அதன் பக்கமே போகக்கூடாது. தண்டு வாங்கும் கடையிலேயே நீளம் சொன்னால் அறுத்துத் தந்துவிடுகிறார்கள். அந்த ரம்பத்தின் காசில் நல்ல ஜிக் (இறகு ஒட்டும்போது தண்டையும் இறகையும் சரியான இடத்தில் பிடித்துவைக்கும் கருவி) ஒன்று வாங்கலாம்.

டெக்சசில் இருக்கும் என் மைத்துனர், வீட்டிலேயே காலித் தோட்டாக்களுக்கு வெடிமருந்து நிரப்புகிறவர். தோட்டாவை அழுத்தும் பிரஸ், அதில் பொருத்தும் அச்சான டை, மருந்து நிறுக்கும் தராசு, விட்டம் அளக்கும் கேலிபர் என்று அவர் மேசை நிறைந்திருக்கும். சிங்கப்பூரில் உரிமம் இல்லாமல் அந்த ஆசையே வரக்கூடாது; 2021இல் நிறைவேறிய துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டம் வீட்டு மேசையில் தோட்டாவுக்கு இடம் வைக்கவில்லை. அதனால் என் கைவேலைப் பித்து அம்போடு நிற்கிறது. ஆனால் அவர் சொன்ன ஒன்று எனக்கும் பயன்பட்டது: “மாப்பிள்ளை, பிடியை ஒரு முறை இழுத்தால் பல வேலை முடிக்கும் பிரஸ் முதலில் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்கிறதை வாங்குங்கள். தப்பு நடந்தால் உடனே கண்ணில் படும்.”

இறகு ஒட்டும் ஜிக்கிலும் இதே வழக்குதான். மூன்று இறகையும் ஒரே நேரத்தில் ஒட்டும் பிளாஸ்டிக் ஜிக் ஒரு வகை. ஒவ்வொன்றாக ஒட்டும் உலோக ஜிக் இன்னொரு வகை. பிட்சன்பர்கர் இதில் பழைய பெயர். ஒரு இறகுக்குப் பத்து நிமிடம் என்றாலும், ஒரு டஜன் அம்புக்கு 36 இறகு, ஆறு மணி நேரம். மூன்றும் ஒன்றாக ஒட்டினால் இரண்டே மணி நேரம். கணக்கைப் பார்த்தால் முதல் வகைதான் வெல்லும். நான் இரண்டையும் வைத்திருக்கிறேன். சில ஆண்டுகள் கழித்தும் கை போவது உலோகத்திடம்தான். மலிவான பிளாஸ்டிக் ஜிக்கில் நாக் (அம்பின் வாலில் நாண் மாட்டும் பிளவுள்ள துண்டு) உட்காரும் குழி மெல்லத் தேய்ந்து தளர்ந்தது. 120 பாகை இடைவெளி அதோடு தடுமாறத் தொடங்கியது. மூன்று கரங்களும் மூடியிருக்கும்போது உள்ளே இறகின் அடி தண்டில் முழுதாகப் பதிந்திருக்கிறதா என்று பார்க்கவும் வழியில்லை.

உலோக ஜிக்கில் வேலை இப்படி நடக்கும். இறகைக் கவ்வியில் செருகி, அதன் அடியில் பசையை நூல் கனத்துக்கு ஒரே கோடாக இழுப்பேன். காந்தம் பிடித்துக்கொள்ள, கவ்வி தண்டின் மேல் இறங்கும். இரு பக்கமும் மயிரிழை அளவு பசை பிதுங்கினால் சரி. ஒரு பக்கம் மட்டும் பிதுங்கினால் கவ்வி சாய்ந்திருக்கிறது. உடனே எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கலாம். முதலில் நாணுக்குச் செங்குத்தாக நிற்கும் வேற்று நிற இறகு, பிறகு குமிழைத் திருப்பி மற்ற இரண்டு.

பசை விஷயத்தில் நம் ஊர் ஈரக்காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். சூப்பர் குளூ காற்றின் ஈரத்தால் இறுகும் சரக்கு. இங்கே அது நொடியில் பிடித்துவிடும், நகர்த்திச் சரிசெய்ய நேரம் தராது. பக்கத்தில் வெள்ளைப் படலமும் பூக்கும். திறந்த பாட்டில் சீக்கிரமே கெட்டியாகிவிடும். குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தால், அறையின் சூட்டுக்கு வந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். போனிங் நிறுவனத்தின் ஃபிளெட்ச்-டைட் போன்ற கரைப்பான் பசை நிதானமானது. வாடை உண்டு, அம்மா வீட்டில் இருந்தால் நான் சன்னலோரத்துக்கு இடம்பெயர வேண்டும். ஆனால் பழைய இறகை உரித்த பிறகு தண்டைச் சுத்தம் செய்வது இதில் எவ்வளவோ சுலபம். ஒட்டுவதற்கு முன் தண்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு விரல் படாமல் பிடியுங்கள். பிளாஸ்டிக் இறகின் பக்கம் அசிட்டோனைக் கொண்டுபோகாதீர்கள்.

தண்டு அலுமினியத்தில் தொடங்கலாம். ஈஸ்டன் தண்டில் 1716 என்று அச்சிட்டிருந்தால், வெளிவிட்டம் அங்குலத்தின் 64 பங்கில் 17, சுவரின் கனம் அங்குலத்தின் ஆயிரம் பங்கில் 16. முனையை உருகுபசை கொண்டு ஒட்டும்போது அலுமினியம் சூட்டைத் தாங்கும். கார்பனில் சூடு முனைக்கு மட்டும்தான், தண்டுக்கு நேரடியாகக் காட்டக்கூடாது. கார்பன் வாங்கினால் 500, 600 என்ற எண்களைப் பாருங்கள். 28 அங்குல இடைவெளியில் தாங்கிய தண்டின் நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் அது எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் வளைகிறது என்பதே அந்த எண். எண் கூடினால் தண்டு இளக்கம். புதியவர்கள் நாணை இழுக்கும் நீளம் மாறிக்கொண்டே இருக்கும். ஓர் அங்குலமாவது கூடுதலாக விட்டு அறுக்கச் சொல்லுங்கள்.

தராசுக்குப் பெரிய செலவு வேண்டாம். 0.01 கிராம் காட்டும் சிறிய நகைத் தராசே போதும். முனையின் எடையைக் கிரெயினில் சொல்வார்கள்; ஒரு கிராம் 15.43 கிரெயின். 100 கிரெயின் என்று விற்கும் முனைகளை நிறுத்து, ஒத்தவற்றை ஒன்றாக்கினால் ஒரு செட் தேறும். கேலிபர் என்னிடம் இருக்கிறது. பெட்டியை விட்டு வெளியே வருவது அபூர்வம்.

காசே செலவாகாத ஒரு சோதனை உண்டு. எய்யும் முன் ஒவ்வொரு கார்பன் அம்பையும் முகத்திலிருந்து தள்ளிப் பிடித்து, இரு கையாலும் மெல்ல வளைத்து, சுற்றித் திருப்பி மறுபடி வளையுங்கள். நொறுங்கும் ஒலி கேட்டாலோ வெடிப்பு விரலில் தட்டினாலோ அந்த அம்பு குப்பைக்குத்தான். விரிசல் விட்ட தண்டு நாண் விடும்போது உடைந்து, வில் பிடித்த கையில் சிம்பாக ஏறும்.

சுருள் வடிவ ஸ்பின்-விங் இறகுக்கு மாறும் எண்ணம் இருந்தால் ஜிக்கே வாங்க வேண்டாம். தண்டில் கோடு போட்டுக்கொண்டு இருபுறப் பசை நாடாவால் ஒட்டுகிற இறகு அது. போட்டிக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு தண்டிலும் பெயரையோ முதலெழுத்தையோ எழுதியாக வேண்டும், உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் விதி. இறகு ஒட்டும் முன்பே எழுதிவிடுங்கள். பிறகு பேனா இறகில் இடிக்கும்.